நெடுந்தூரக் குதிரைக்காரி

ஒருவனுடைய மண்டையை உடைத்துவிட்டு, அவனையே தன் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்து, தையல் போட ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள் ஒருத்தி. அப்படித்தான் எனக்கு அக்கா அறிமுகம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புனேயின் கோர்படியில் ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். அந்த ஆள் துண்டால் தலையைப் பொத்திக்கொண்டு நின்றான். ரத்தம் காதோரமாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது.

“எப்படி ஆச்சு?” என்று அவனிடம் இந்தியில் கேட்டேன்.

“அவன இன்னா கேக்கற? நான்தான் அடிச்சேன்” என்றாள் அவள் தமிழில். என்னைப் பார்த்ததுமே நம்ம ஆள் என்று கண்டுபிடித்துவிட்டாள். “மரத்துப்போற ஊசியெல்லாம் நக்கோ, வேணாம். சும்மாவே தைக்கச் சொல்லு டாக்டர. வலிக்கட்டும்.”

டாக்டர் ஊசி போட்டுத்தான் தைத்தார். தைத்து முடியும்வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவனை மராத்தியில் திட்டிக்கொண்டிருந்தாள். குதிரையின் வயிற்றில் சேணத்து வார் உரசிப் புண்ணான இடத்திலேயே மறுபடி வாரைக் கட்டி ஓட்டியிருக்கிறான். அதற்குத்தான் இந்த மண்டை. போகும்போது அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, பிளாஸ்டிக் கப்பைக்கூட அவளே பிடித்துக்கொண்டாள். அவன் கை தலைக்கட்டிலேயே இருந்தது.

வட ஆற்காட்டிலிருந்து அவள் தாத்தா காலத்தில் புனேவுக்கு வந்த குடும்பம். கோர்படியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை, அதில் நாலைந்து குதிரைகள், கல்யாணமாகாத ஒரு தம்பி. அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். சல்வாரின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பாள். உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். அந்தக் கையால் யாரையும் தடவிக்கொடுத்து நான் பார்த்ததில்லை, குதிரையைத் தவிர.

அவள் வருடா வருடம் பொங்கல் முடிந்ததும் ஒரு நெடுந்தூரக் குதிரை ஓட்டம் நடத்தினாள். எண்பது கிலோமீட்டர். ரேஸ் இல்லை. முதலில் வந்து சேருவதால் மட்டும் எதுவும் கிடைக்காது. பாதி வழியிலும் முடிவிலும் குதிரையை நிறுத்தி நாடி பார்ப்பார்கள். இறங்கி அரைமணி நேரத்துக்குள் நிமிஷத்துக்கு அறுபத்திநாலு துடிப்புக்குக் கீழே வந்துவிட வேண்டும். இரண்டு முறை காட்டலாம். இரண்டாவது முறையும் இறங்கவில்லை என்றால் குதிரை அவுட். சத்தாரா பக்கத்துப் பண்ணைக்காரர்கள், பட்டாளத்தில் ரிட்டயரானவர்கள், ரேஸ் கோர்ஸில் கழித்துவிட்ட குதிரையை வாங்கி வைத்திருந்தவர்கள் என்று நல்ல கூட்டம் வரும். ஓட்டம் நடந்த கராடியில் அப்போது சோளக்கொல்லைதான். மண் பாதையில் புழுதி எழும்பினால் ஆற்றுக்கு அந்தப்புறம் இருப்பவனுக்குக்கூடத் தெரியும்.

நாடி பார்க்க ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள்.

“ஞாயித்துக்கெழம இன்னா பண்ற சிஸ்டரு?”

“துணி துவைக்கணும்க்கா.”

“துணி எங்க ஓடிப்போவுது? வா. மனுசன் நாடிய எண்ணத் தெரியுதில்ல? குதிரைக்கு இன்னும் மெதுவாதான் அடிக்கும்.”

போனேன். குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், கிணற்றுக்குள் யாரோ துணி அடிப்பது போலக் கேட்கும். ஒருமுறை கேட்ட பிறகு என்னால் அதை விட முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் துணி அழுக்காகவே கிடந்தது.

ஓட்டத்தன்றைக்கு அடிகளும் தப்பாமல் விழுந்தன. ஒரு குதிரையின் நாடி இறங்கவில்லை என்று நான் சொன்னால் போதும், அதன் மேல் வந்தவனுக்கு அக்காவின் கை வந்துவிடும். கை இல்லையென்றால் சேணத்தில் கால் வைக்கும் வளையத்தைத் தொங்கவிடும் தோல்வார். அது இன்னும் மோசம், நுனியில் இரும்பு இருக்கும். ஒரு பண்ணைக்காரரின் மருமகனை மைதானத்தின் நடுவில் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டியை ஊன்றி, அவன் வாயில் கடிவாளத்தின் இரும்பைத் திணித்து இழுத்தாள். “எப்பிடி இருக்குது? இனிக்குதா?” அவன் குதிரையின் வாய் ஓரம் கிழிந்திருந்தது, உண்மைதான். அவன் வாய் ஓரமும் கிழிந்தது. என் பெட்டியில் பஞ்சு தீர்ந்துபோனது. சுற்றி இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கினார்கள். அந்த வருடங்களில் அப்படித்தான், தாயி அடித்தாள் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது. மராத்தியில் அக்காவைத் தாயி என்பார்கள்.

குதிரையை அவள் ஒரு நாளும் அடித்ததில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். குதிரை கடித்தால்கூட அடிக்க மாட்டாள். ஒருநாள் ஒரு பொல்லாத குதிரை அவள் தோளைக் கவ்விச் சதையோடு சட்டையைக் கிழித்தது. நான் கட்டுப் போடும்போது அவள் அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “பசியாடா கண்ணு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மனுஷங்கள மட்டும் ஏன்க்கா இப்படி?” என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“வாய் இருக்கிறவன அடிக்கலாம். அழுவான், திட்டுவான், போலீசுக்குப் போவான். இது எங்க போவும்?” என்றாள். அப்புறம், யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொல்வது போலச் சொன்னாள்: “எங்கப்பா ஸ்டேசன்ல டாங்கா வண்டி ஓட்டினாரு. குதிரைக்கும் எனக்கும் ஒரே சாட்ட. நான் ஒருநாள் திருப்பி அடிச்சேன். அது கடைசிவரைக்கும் திருப்பி அடிக்கல.”

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பயமும் விடவில்லை. அவள் பின்னால் வந்து நின்றால் என் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும்.

தம்பிக்கு ஒரு காது கேட்காது. அவளுடைய செம்பட்டை நிறப் பெண் குதிரை மைனாவை அவன்தான் ஓட்டுவான். முப்பது வயது தாண்டிய ஆள், மீசை எல்லாம் வைத்திருந்தான். ஒரு வருடம் கெட்டியான தார் ரோட்டில் மைனாவை வேகமாக விரட்டி வந்துவிட்டான் என்று அக்கா விட்ட அறையில் செவிப்பறை கிழிந்து, காதிலிருந்து ரத்தம் வந்தது. அவளே எங்கள் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, “அவனுக்கு இன்னோரு காது இருக்குது. மைனாவுக்கு ஒரு கால் போனா மூணு கால்ல நிக்குமா?” என்றாள். தம்பி அதன் பிறகு அவள் பேசும்போது நல்ல காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்பான். கோபம் தெரியாத முகம் அவனுக்கு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கராடியில் சோளம் போய்க் கட்டடக் கம்பி முளைத்தது. மண் பாதையெல்லாம் மணல் லாரிகள். ஒரு வருடம் ஓட்டத்தின் நடுவே ஒரு லாரிக்காரன் குதிரைகளின் பின்னால் வந்து ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு குதிரை மிரண்டு பள்ளத்தில் இறங்கியது. அக்கா லாரியின் முன்னால் போய் நின்றாள். கண்ணாடியைக் கல்லால் உடைத்து, கதவைத் திறந்து, டிரைவரைக் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு மிதித்தாள். சைட்டிலிருந்து அவன் ஆட்கள் கம்பியோடு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருத்தனின் மணிக்கட்டு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. அக்காவுக்கு முன்பல் இரண்டு போனது. வாயைத் துடைத்துக்கொண்டு, “குதிரைக்கு ஒண்ணும் ஆகலியே?” என்றாள். ஆகவில்லை. ஆனால் ஓரமாகக் கட்டியிருந்த குதிரைகள் ஒன்றுகூட நின்ற இடத்தில் இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருந்தன. சாயங்காலம் வரை தேடிப் பிடித்தோம். லாரிக்குப் பயந்து ஓடின என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

அதற்கப்புறம் கராடியில் யாரும் இடம் தரவில்லை. ஓட்டத்தைச் சாகண் பக்கம் பாட்டீல் என்னும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் நிலத்துக்கு மாற்றினாள். அங்கேயும் கார் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தாலும் குன்றுப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆட்கள்தான் வரவில்லை. வருடத்துக்கு வருடம் குதிரைகள் குறைந்தன. ஊரில் புதிதாகக் குதிரை கிளப்புகள் வந்தன. வட்டமான மணல் மைதானத்தில் சுற்றிவிட்டு, குளிர்பானம் குடித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒருமுறை கோயம்புத்தூர் பையன் ஒருவன் வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஆசையாசையாக வருடம் முழுக்கப் பழகி, தன்னோடு வேலை பார்க்கும் நண்பர்களையும் குதிரையோடு கூட்டி வந்திருந்தான். பாதி வழிச் சோதனையில் அவன் குதிரைக்கு நாடி கொஞ்சம் கூட இருந்தது. நான் எண்ணைச் சொல்லி வாயை மூடவில்லை, தோல்வார் அவன் தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான், நெஞ்சில் குத்தியிருந்த எண் துணியை எடுத்து மடித்து என் மேஜைமேல் வைத்தான்.

“சிஸ்டர், எங்க ஆபீஸ்ல மேனேஜர் சத்தம் போட்டாலே வேலைய விட்டுட்டுப் போயிடுவோமுங்க. இவங்க பெல்ட்டால அடிக்கறாங்க” என்றான். அவன் கழுத்தில் மருந்து தடவினேன். நண்பர்கள் எல்லோரும் அவனோடு போய்விட்டார்கள். அந்த வருடக் கூட்டத்தில் பாதி அதோடு போயிற்று.

“கம்ப்யூட்டர் பசங்களுக்குக் குண்டி மெத்தைக்குப் பழகிப்போச்சு” என்றாள் அக்கா. ரோடு, லாரி, பைக், கம்ப்யூட்டர். ஓட்டம் சுருங்கிப்போனதற்கு அவளிடம் இத்தனை காரணங்கள் இருந்தன. தன் கை அதில் ஒரு நாளும் வரவில்லை. அதை அவளிடம் சொல்லும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பழைய ஆட்கள் வந்து இறங்கியதும் குதிரையை உடனே நாடி பார்க்கக் கொண்டுவர மாட்டார்கள். அக்கா மைதானத்தின் மறுகோடியில் யாரையாவது பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கொண்டுவருவார்கள். அடிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

கூட்டம் இருந்த காலத்தில் மைனா ஒருமுறைகூட நாடியில் தோற்றதில்லை. தம்பி மட்டும்தான் அதைக் கொண்டுவந்து காட்டுவான், அக்காவுக்கு இத்தனை பேரை மேய்க்க வேண்டுமே. ஆட்கள் குறையக் குறைய அவளுக்கு அலைய இடமில்லாமல் போனது. அலைச்சல் எல்லாம் நின்று, மைனாவின் தலையருகிலேயே வந்து நின்றுகொண்டாள். சேணத்தை அவளே அவிழ்ப்பாள், தண்ணீர் அவளே ஊற்றுவாள். அந்த வருடங்களில்தான் மைனாவுக்கு நாடி இறங்காமல் இழுக்க ஆரம்பித்தது. வயசாகிறது என்றார் ஓட்டத்துக்கு வரும் மாட்டு டாக்டர். தம்பி ஓட்டும் லட்சணம் என்றாள் அக்கா. கடைசிக்கு முந்தின வருடம் மைனா அவுட் ஆனது. அன்றைக்குத் தம்பியின் முழங்கையைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டாள். நான்தான் மாவுக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். கட்டு உலரும்போது அவன் சொன்னான்: “அடுத்த வருஷம் ஒருதபா ஓட்றேன் சிஸ்டர். அதுவும் ஃபெயில்னா நான் நாசிக் போய்டுவேன். அங்க ஒரு வேல இருக்குது. அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“போ, மைனாவ விட்டுட்டுப் போன்னாங்க.”

அடுத்த வருடம் மொத்தமே மூன்று குதிரைகள். பாட்டீல் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் நாசூக்கான மனுஷன், ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டார்: ஒரு குதிரைகூட ஒழுங்காக முடிக்கவில்லை என்றால் இதை ஓட்டம் என்று ஊரில் எப்படிச் சொல்வது, அடுத்த வருடம் நிலத்தில் வெங்காயம் போட்டுவிடுகிறேன் என்று. காலையிலேயே ஒரு குதிரை நொண்டிவிட்டது. மற்றொன்று பாதி வழியில் அவுட் ஆகி, அதன் சொந்தக்காரன் அக்கா வருவதற்குள் குதிரையை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஓடிவிட்டான். மிச்சம் மைனா. மைனா முடித்தால் ஓட்டம் உண்டு, தம்பி உண்டு. இல்லையென்றால் இரண்டும் இல்லை.

சாயங்காலம் குன்றைச் சுற்றி மைனா வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு அழகாக வந்தது. நடையில் தடுமாற்றமில்லை, காது முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி இறங்கினான். அக்கா பாய்ந்து போய்ச் சேணத்தை அவிழ்த்தாள், கழுத்தில் தண்ணீர் ஊற்றினாள், “என் தங்கம், என் கண்ணு” என்று மூக்கில் முத்தமிட்டாள். கொஞ்ச நேரம் நடக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். எழுபத்திரண்டு. மாட்டு டாக்டரும் கேட்டார். தலையை ஆட்டினார். இன்னும் ஒரே ஒரு முறை இருந்தது.

நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. மைனாவின் விலாவில் கையும் காதில் குழாயுமாக அப்படியே குனிந்திருந்தேன். அக்கா ஒரு கையில் தோல்வாரோடு தம்பியின் பக்கம் திரும்பினாள். அறை விழுந்த சத்தம் எனக்கு வெளியிலிருந்து லேசாகத்தான் கேட்டது. உள்ளேதான் கேட்டது. மைனாவின் இதயம் ஒரு துள்ளு துள்ளி, தடதடவென்று படியில் உருண்டு விழும் பானை மாதிரி ஓடியது. மைனா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. இரண்டாவது அறை விழுந்தது. தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மறுபடி அதே துள்ளல், அதே ஓட்டம்.

பழைய ஆட்கள் எதற்காக அக்காவை மறுகோடிக்குப் போகவிட்டுக் குதிரையைக் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

“அக்கா, அவன விட்டுட்டு இங்க வாங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் வார் பிடித்த கையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த அடி எனக்குத்தான் என்று நினைத்தேன். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் காதில் மாட்டினேன். மறுமுனையை மைனாவின் மேல் வைத்தேன்.

“கேளுங்க.”

“வேகமா அடிக்குது. அதான் சொல்றேனே, இந்த நாயி ஓட்டின லட்சணம்…”

“கையத் தூக்குங்க.”

“இன்னா?”

“சும்மா தூக்குங்கக்கா. அவன அடிக்கற மாதிரி.”

தூக்கினாள். கை தலைக்குமேல் போய் அங்கேயே நின்றது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புரியாமல் இருந்தது. கையை இறக்கினாள், கேட்டாள். மறுபடி தூக்கினாள், கேட்டாள். மூன்றாம் முறை பாதி தூக்கியதுமே நிறுத்திவிட்டாள். வார் கீழே விழுந்தது.

“நான் இத்த ஒரு நாளும் அடிச்சதில்ல சிஸ்டரு.”

“தெரியும்க்கா.”

“ஒரு தட்டு தட்டினதில்ல. இதுக்காவத்தான எல்லாரையும்… அப்புறம் ஏன்?”

அவள் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். சொல்லிவிட்டேன். “அடுத்தது தன் முறை இல்லன்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?”

அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள். கையை மெல்ல, மிக மெல்ல நீட்டி என்னிடம் கொடுத்தாள். அவ்வளவு மெதுவாக அந்தக் கை அசைந்து நான் பார்த்ததே இல்லை. மைனாவைத் தொடப் போனாள், தொடவில்லை. முகத்தை மைனாவின் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நடக்க ஆரம்பித்தாள். பாட்டீல் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

தண்ணீர்த் தொட்டிவரை போய் நின்றாள். “இப்போ?” என்று கேட்டாள்.

“எழுபது!”

இன்னும் கொஞ்சம் போனாள். வேலியைத் தாண்டினாள். “இப்போ?”

“அறுபத்தெட்டு!”

டாக்டர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி முடிய அதிகமில்லை. தம்பி மூக்கைத் துடைக்கவில்லை, ரத்தம் மீசையில் உறைந்திருக்க மைனாவின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். அக்கா ரோட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து அவள் கத்தவில்லை, கத்தினால் மைனா பயந்துகொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ. கையால் சைகை காட்டப் போய் அதையும் நிறுத்திக்கொண்டாள். நின்று பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு இன்னும் பின்னால் போனாள்.

“இப்ப காட்டுங்க” என்றார் டாக்டர் இந்தியில். நான் எண்ணினேன். அவரும் எண்ணினார். அறுபது.

“பாஸ்” என்றார்.

தம்பி நல்ல காதை அவர் பக்கம் திருப்பி இன்னொரு முறை கேட்டான். “பாஸ், பாஸ்” என்றார் டாக்டர். பாட்டீல் கைதட்டினார். நான் ரோட்டைப் பார்த்துத் துண்டை ஆட்டினேன், போதும்க்கா, வாங்க என்று. அவள் பார்த்தாள். பார்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மைனாவைப் பார்த்தபடியே, இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.